வீடு எந்தப் பக்கமுங்க?

போன அய்ப்பசி மழையில் ஒரு ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு டாக்டருக்கு நான் இரண்டு முறை போன் பண்ணினேன். அந்த இரண்டு போனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கவிதையாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. கவிதை என்றால் தோழர்கள் 'நல்லா இருக்குங்க' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்கிற பயமும் இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தட்டிக்கொடுக்க வேண்டாம்.

பவானியிலிருந்து அந்தியூர் போகிற ரோட்டுப் பக்கம் எங்கள் வளவு. வளவு என்றால் வெளியூர்த் தோழர்களுக்குப் புரியாமல் போகலாம். மற்ற ஜில்லாக்களில் சேரி என்றும் காலனி என்றும் சொல்வதை கொங்குப் பக்கம் வளவு என்கிறோம். என்னை வளர்த்த அத்தை அங்கேதான் இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. இரண்டு வருசமாக ஒரு பக்கம் கைகால் விழுந்து படுக்கையில் கிடக்கிறாள். அன்றைக்குக் காலையிலிருந்தே காய்ச்சல், சாயங்காலம் ஆக ஆக இழுப்பு. மூச்சு விடுகிற சத்தம் வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்டது.

எங்கள் பக்கம் ஒரு டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஊருக்கே தெரிந்த விசயம். தோட்டத்து வீடுகளுக்கு ராத்திரி பத்து மணிக்குக்கூட கார் போகும். திண்ணையில் ஜமக்காளம் விரித்து உட்கார வைப்பார்கள். பெருசுகளுக்குச் சர்க்கரை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, குளுக்கோஸ் பாட்டிலைச் சுவத்து ஆணியில் மாட்டுவது எல்லாம் வீட்டிலேயே நடக்கும். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. போன் பண்ணினால் டோக்கன் போடுகிற பிள்ளை எடுத்து நேரம் குறித்துக்கொள்ளும்.

முதல் போன். 'அத்தைக்கு ரொம்ப முடியலைங்க, டாக்டர் வீட்டுக்கு வந்து பாக்கோணும்' என்றேன். 'வீடு எந்தப் பக்கமுங்க?' சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'டாக்டர் இப்பத்தானுங்க வெளிய கெளம்பிப் போனாரு. நாளைக்குக் காத்தால கூட்டிட்டு வாங்க, டோக்கன் போட்டு வெக்கறேன்.'

இருபது நிமிசம் கழித்து இன்னொரு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். பேங்கின் பெயரைச் சொல்லி அங்கிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். அதே பிள்ளை. 'சொல்லுங்க சார், டாக்டர் இருக்காருங்க. எத்தன மணிக்கு வரோணும்?' வெளியே போன டாக்டர் இருபது நிமிசத்தில் திரும்பி வந்திருக்கலாம். வந்திருக்கலாம்தான். நல்லவனாக இருந்து நம்பிப் பார்த்தேன். அடுத்த கேள்வி வந்தது: 'வீடு எந்தப் பக்கமுங்க சார்?'

கவனியுங்கள். நோய் என்ன என்று அந்தப் பிள்ளை இரண்டு தடவையும் கேட்கவில்லை. வயசு கேட்கவில்லை. மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டது. கொங்கு நாட்டில் யாரும் உங்களிடம் சாதி கேட்க மாட்டார்கள். நாகரிகமான சனங்கள். 'எந்தூருங்க, ஊர்ல எந்தப் பக்கமுங்க, அங்க ஆரு வகையறாங்க' என்று மூன்று கேள்வியில் உங்களை உங்கள் வளவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளையையும் நான் குறை சொல்லவில்லை. மாசம் ஏழாயிரமோ எட்டாயிரமோ வாங்கும். கேட்கச் சொல்லி அதற்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை போன் டாக்டர் கைக்குப் போனது. அவர் மரியாதையாகத்தான் பேசினார். 'அந்தச் சந்துல கார் நொழையாதுங்க சார். ஒண்ணு பண்ணுங்க, மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துருங்க. நான் வண்டியிலயே இருந்து பாத்தர்றேன்.'

கொண்டுபோனோம். கயித்துக் கட்டிலோடு நாலு பேர் தூக்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த படுதாவை அத்தை மேலே பிடித்துக்கொண்டு என் தம்பி கூடவே ஓடிவந்தான். ரோட்டோரம் பாலத்துக் கட்டைச்சுவர் பக்கம் இறக்கி வைத்தோம். கார் வந்தது. கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே இருந்தபடி கேட்டார். கூட வந்த கம்பவுண்டர் இறங்கி ஹெட்லைட் வெளிச்சத்தில் பிரஷர் பார்த்துச் சொன்னார். நெஞ்சில் குழாய் வைக்கவில்லை. சீட்டு எழுதினார். அய்நூறு ரூபாய். நான் ஆயிரத்தை நீட்டினேன், அந்த நேரத்திலும் எனக்குள் இருந்த குமாஸ்தா, நாளைக்காவது உள்ளே வருவார் என்று கணக்குப் போட்டான். அய்நூறை எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பவுண்டர் கையில் கொடுத்தார். கம்பவுண்டர் என் கையில் கொடுத்தார்.

ராத்திரி பதினொரு மணிக்கு 108க்குக் கூப்பிட்டோம். அவர்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தே வந்தார்கள். பெருந்துறையில் அத்தை ஒன்பது நாள் கிடந்து பிழைத்து வந்தாள். நிமோனியா என்றார்கள். குழாய் வைத்துக் கேட்டிருந்தால் ஏழரை மணிக்கே தெரிந்திருக்கும்.

டாக்டர் பெயரை ஏன் எழுதவில்லை என்று சில தோழர்கள் கோபப்படுவார்கள். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. கதை அல்ல, நடந்தது.

1929 டிசம்பர் 12ஆம் தேதி காந்தியின் 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் கத்தியவார் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார், தீண்டத்தகாதவர். அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுந்தார். பேதி, மூச்சுத் திணறல், விலாவில் வலி. டாக்டரைக் கூப்பிடப் போனார். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், பார்க்கவும் மாட்டேன் என்றார் டாக்டர். வாத்தியார் ஊர்ப் பெரிய மனிதர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். நகர்சேட் டாக்டரின் இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்கு ஜாமீன் நின்றார். அதன்பிறகும் ஒரு நிபந்தனை: குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்தால்தான் பார்ப்பேன். பச்சை உடம்புக்காரியையும் பிறந்த சிசுவையும் வெளியே கொண்டுவந்தார். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் வாத்தியாரிடம், வாத்தியார் மனைவியிடம். வைத்துப் பார்த்ததும் அதே வழியில் திரும்பிப் போனது. ராத்திரி எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்றார் டாக்டர். மருந்து அனுப்பினார். அதற்கப்புறம் வந்து பார்க்க மறுத்துவிட்டார். இரண்டு ரூபாயும் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் செத்துப்போனார்.

பாபாசாகேப் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறார். 1935-36 வாக்கில் எழுதியது. 1990இல்தான் சிறு நூலாக வந்தது. அதில் அவர் ஒன்றைக் குறித்துச் சொல்கிறார்: கடிதத்தில் டாக்டர் பெயரும் இல்லை, வாத்தியார் பெயரும் இல்லை, பழிவாங்குவார்கள் என்று பயந்து வாத்தியாரே கேட்டுக்கொண்டதால். நான் முதலில் படித்தபோது அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், பத்திரிகைக்கே எழுதிவிட்டவன், அவனுக்கு டாக்டர் பெயரை எழுதத் துணிவில்லை. ஏனென்றால் நாளைக்கு வளவில் இன்னொரு பச்சை உடம்புக்காரி இருப்பாள். சுத்துவட்டாரத்தில் இருப்பது ஒரே டாக்டர்.

இப்போது புரிகிறதா நான் ஏன் எழுதவில்லை என்று? அத்தைக்கு அடுத்த தடவை மூச்சு இழுக்கும்போது என் புரட்சிகரமான கட்டுரை வந்து ஊசி போடாது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் வித்தியாசமும் உண்டு. அன்றைக்கு டாக்டர் தெர்மாமீட்டரை மூன்று கை மாற்றினார். இன்றைக்கு மீதிப் பணம் இரண்டு கை மாறியது. அன்றைக்குத் தீட்டு என்று சொன்னார்கள். இன்றைக்குக் 'கார் நொழையாது' என்கிறார்கள். கிட்டத்தட்ட நூறு வருச முன்னேற்றம் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அந்தச் சந்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அது குறுகல்தான். பொய் இல்லை. யார் குறுக்கியது? இரண்டு பக்கமும் தோட்டம் வந்து வந்து, வேலி நகர்ந்து நகர்ந்து, பாதை மெலிந்துபோனது. ஆனால் அந்தச் சந்தில் யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். குழுக்கடன் வசூலிக்கிறவன் காலை ஏழு மணிக்கு பைக்கில் வருகிறான், வாசல்படியில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறான். ஏதாவது திருட்டு என்றால் போலீஸ் வருகிறது, நேராக அடுப்படி வரைக்கும். ஓட்டு கேட்கிறவர்கள் வந்து குழந்தைகளை இடுப்பில் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கிராமத்து நர்ஸ் வருகிறார். 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வருகிறார். ஸ்கூட்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, அத்தை பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கப் பழக்கிவிட்டுப் போகிறார். அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது சொற்ப ஊக்கத்தொகை. அவர் கால் வருகிற சந்தில் எம்.பி.பி.எஸ். கால் வராதா? கார் நுழையாத இடத்தில் கால் நுழையும். அறுபது அடி தூரம். நான் அளந்திருக்கிறேன்.

கூடுதுறைக் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. வில்லியம் கேரோ என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் 1804இல் அம்மனுக்குக் கொடுத்தது. கலெக்டரானாலும் வேற்று மதத்தான் உள்ளே போகக்கூடாது என்பதால் மதில் சுவரில் மூன்று ஓட்டை போட்டு அது வழியாக அம்மனைப் பார்த்தான் என்று சொல்வார்கள். அந்த ஓட்டைகளை இன்றைக்கும் காட்டுகிறார்கள். பாதி இறங்கிய கார்க் கண்ணாடி வழியாக அத்தையை டாக்டர் பார்த்தபோது எனக்கு அந்த ஓட்டைதான் ஞாபகம் வந்தது. அவன் உள்ளே விடாததால் வெளியே நின்று பார்த்தான். இவர் வாங்க வாங்க என்று கூப்பிட்டும் வெளியே நின்று பார்த்தார்.

பெருந்துறையில் படுத்திருந்தபோது அத்தை ஒரு விசயம் சொன்னாள். மாமன் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்த காலம். ஒரு எருமைக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. பண்ணாடி சைக்கிளில் ஆள் அனுப்பினார். நடுச்சாமத்தில் மாட்டு டாக்டர் வந்தார். கட்டுத்தறிக்குள் சாணியில் மண்டிபோட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். மாமன் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வேலை முடிந்து டாக்டர் கை கழுவ வேண்டும். மாமன் குடத்தை எடுக்கப் போக, 'நீயி இருடா' என்று பண்ணாடிச்சியே வந்து தண்ணி ஊற்றினாராம். அதே மாசம் மாமனுக்கு மஞ்சக்காமாலை. யாரும் வரவில்லை. கட்டிலில் தூக்கிக்கொண்டு பவானிக்குப் போகிற வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தார்கள். இரண்டாவது தடவை இறக்கியதைத் திரும்பத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

'எருமையாப் பொறந்திருந்தா பொழச்சிருப்பான் சாமி' என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு மாட்டுக்கு முடியவில்லை என்றால் 1962க்குப் போன் பண்ணலாம், வண்டி கட்டுத்தறிக்கே வரும். வரட்டும். மாடு பிழைக்கட்டும். மாட்டின் மேல் எனக்கென்ன கோபம்?

இதை நான் ஒரு இடதுசாரித் தோழரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அடிப்படையில இது வர்க்கப் பிரச்சினைங்க தோழர். தனியார் மருத்துவம்னாலே இப்படித்தான். காசிருந்தா வருவாரு, காசில்லைன்னா வரமாட்டாரு' என்றார். தோழரே, நான் ஆயிரம் நீட்டினேன். அய்நூறைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளித்துவத்தின் விதிப்படி பார்த்தால் இது நடக்கவே கூடாது. என் சம்பளச் சீட்டு பவானி புதிய பஸ் நிலையம் வரைக்கும் செல்லுபடியாகிறது, சந்து முனையில் செல்லாக்காசாகிவிடுகிறது. இந்தச் செல்லாக்காசுக்கு உங்கள் நூலில் என்ன பெயர்?

அவருக்காகவே ஒன்று சொல்கிறேன். வேல்ஸில் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். கம்யூனிஸ்ட். 1971இல் 'லான்செட்' ஏட்டில் ஒரு விதியை எழுதினார். எங்கே மருத்துவத் தேவை அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கும், சந்தையின் கை ஓங்க ஓங்க இது மோசமாகும் என்பது அதன் சாரம். பிரிட்டனில் 1948லிருந்து தேசிய சுகாதார சேவை இருக்கிறது, நோயாளி நகர முடியாதவர் என்றால் வட்டார டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவர் வேலையில் ஒரு பகுதி, தனியாகக் காசு வாங்கக்கூடாது. அப்படிப்பட்ட ஊரிலேயே அந்த மனிதர் இதை எழுதினார். கியூபாவில் 1984லிருந்து குடும்ப டாக்டர் முறை. டாக்டர் அந்தத் தெருவிலேயே குடியிருந்து வீடு வீடாகப் போக வேண்டும். இதெல்லாம் தோழருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் டியூடர் ஹார்ட் கொங்கு நாட்டில் டாக்டராக இருந்திருந்தால் அவர் விதியில் இன்னும் ஒரு வரி சேர்த்திருப்பார்: சந்தையை நிறுத்தினாலும் சந்து நிற்கும்.

நிற்கிறது. காசே வாங்காத அரசாங்கச் சம்பளக்காரர்களை வைத்தே பார்ப்போம். 2006இல் கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் எழுதி வெளிவந்த, கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை பற்றிய நூல். 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்தார்கள். பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுப்பது 33 சதவீதக் கிராமங்களில் இருந்தது. மூன்றுக்கு ஒன்று. இங்கே சந்தை எங்கே இருக்கிறது தோழர்? சம்பளம் நம் எல்லோருடைய வரியிலிருந்து போகிறது.

சரி, ஊரானைத் திட்டியாகிவிட்டது. இனி நம்மைத் திட்ட வேண்டும்.

நான் பேங்கில் கவுண்டரில் உட்காருகிறவன். வரிசை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நூறுநாள் வேலைச் சம்பளம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வருகிற பொம்பளைகள் பத்து மணிக்கு வந்து டோக்கனை வியர்த்த கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு என்னிடம் வருவார்கள். மஞ்சள் மண்டிக்காரர் பதினொன்றரைக்கு வருவார், மேனேஜர் ரூம் கதவு திறக்கும், அவர் பாஸ்புக் உள்ளேயிருந்து என் மேசைக்கு வரும், அதற்கு டோக்கன் கிடையாது. நான் முதலில் அதைத்தான் போடுகிறேன். போட்டிருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. அந்தப் பொம்பளைகளில் ஒருத்தி என் சொந்த வளவு. என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த டாக்டர் வீட்டு நோட்டு என் மேசையிலும் இருக்கிறது என்பதை அத்தை கட்டிலைத் தூக்கின ராத்திரிதான் நான் ஒத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. நான் குடியிருப்பது டவுனில், வாடகை வீட்டில். வீட்டுக்காரர் 'எந்தப் பக்கமுங்க?' என்று கேட்டபோது ஈரோடு என்றேன். பெரியார் பிறந்த ஊர், யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்! அவர் கேட்கத்தான் செய்தார். நான் இன்னும் இரண்டு பொய் சொன்னேன். அந்த வீட்டுக்கு அதே டாக்டர் ஒரு தடவை வந்திருக்கிறார். என் மகளுக்குக் காய்ச்சல். சோபாவில் உட்கார்ந்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி விளையாட்டுக் காட்டி, என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதே கைதான். அதே இரத்தம்தான், என் மகளுக்கும் அத்தைக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர். தீண்டாமை உடம்பில் இல்லை, விலாசத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி எனக்கு வேண்டாம்.

'நம்ம பசங்க டாக்டர் ஆனா எல்லாஞ் சரியாப் போயிரும்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. கொண்டாடினோம், நானும் பட்டாசு வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வளவிலிருந்து ஒரு பையன் இப்போது ஹவுஸ் சர்ஜன். 'படிச்சு முடிச்சு இங்க வந்து கிளினிக் போடுடா கண்ணு' என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: 'அண்ணா, போர்டுல எம்பேரு போட்டா ஊர்க்காரங்க வருவாங்களா? நம்மாளுங்கள மட்டும் நம்பி வாடகை கட்ட முடியுமா?' பதில் சொல்ல முடியவில்லை. வளவுக்குள் டாக்டர் வரமாட்டார், வளவிலிருந்து வந்த டாக்டரிடம் ஊர் வராது. ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்.

அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர் என்பதையே நாம் மறந்துபோனோம். அவரைப் பத்திரிகையாளராக, பௌத்தராக, ஆய்வாளராகப் பேசுகிறோம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் நாடி பிடித்துப் பார்த்த கை ஒன்று நமக்கு இருந்தது என்று எந்த மேடையில் பேசியிருக்கிறோம்? கோயில் நுழைவுக்குப் போராடுகிறோம், தேர் வடத்துக்குப் போராடுகிறோம், இரட்டை டம்ளருக்குப் போராடினோம். எல்லாம் சரி. நானும் நின்றிருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை, டோக்கன் நோட்டை, டாக்டர் காரை நாம் ஒரு தடவைகூடப் போராட்டக் களமாக நினைக்கவில்லை. ஏனென்றால் நோய் என்பது வீட்டு விசயம், பொம்பளைகள் பார்த்துக்கொள்வது என்று நம் இயக்கத்து ஆம்பளைகளும் நினைக்கிறார்கள். கட்டிலைத் தூக்க மட்டும் கூப்பிட்டால் வருவார்கள்.

சட்டம் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 1955ஆம் வருசத்துக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதைக் குற்றம் என்கிறது. 6ஆம் பிரிவைத்தான் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் ஒரு சேவையைச் செய்கிறாயோ அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் எனக்கும் செய், தீண்டாமை காரணமாக மறுத்தால் தண்டனை என்கிறது அது. ஊரில் திண்ணைக்கு வருகிறாய், வளவில் ரோட்டுக்கு வரச் சொல்கிறாய் என்பதை இதைவிட எப்படி எழுத முடியும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் ஆஸ்பத்திரி, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லியே, உள்ளே போவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் 'கார் நொழையாது' என்பதை எந்த ஸ்டேஷனில் தீண்டாமை என்று எழுதிக்கொள்வார்கள்?

டாக்டர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். 2002ஆம் வருசத்து மருத்துவ நெறிமுறை விதிகளில் அது இருக்கிறது. மதம், தேசம், இனம், கட்சி அரசியல், சமூக நிலை இவையெதுவும் என் கடமைக்கும் என் நோயாளிக்கும் நடுவே வர விடமாட்டேன் என்கிற பொருளில் போகிறது. ஜெனிவாவில் உலக மருத்துவர்கள் 1948இல் எழுதிய உறுதிமொழியின் வழி வந்தது. ஜெனிவாக்காரனுக்குச் சாதி தெரியாது. இந்தியாவில் உட்கார்ந்து இதை விதியாக்கினவர்களுக்குமா தெரியாது? அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. 'சமூக நிலை'க்குள் அடங்கும் என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். அடங்கும்தான். எங்களை எதற்குள்ளாவது அடக்கிவிடுவதில்தான் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. துண்டறிக்கை வேண்டாம், கருத்தரங்கம் வேண்டாம். உங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர் யாரென்று கேளுங்கள். இரண்டு போன் பண்ணுங்கள், ஊர் விலாசம் ஒன்று, வளவு விலாசம் ஒன்று. உண்மையான நோயாளிக்கு மட்டும். விளையாட்டுக்குப் பண்ணி ஒரு டாக்டரை அலைக்கழித்தால் இன்னொரு உயிர் போகும். தேதி, நேரம், என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். கிளினிக் நடையில் உட்கார்ந்து யார் டோக்கனில்லாமல் உள்ளே போகிறார்கள், யார் தோளைத் தொட்டுப் பார்த்தார், யாரை எட்டி நின்று பார்த்தார் என்று எழுதுங்கள். அவர்களுக்கு ஒரு நோட்டு இருக்கிறது. நமக்கும் ஒன்று வேண்டும்.

எங்கள் நோட்டு ஆரம்பித்தாகிவிட்டது. போன வாரம் நாங்கள் நாலு பேர் அந்தக் கிளினிக்குக்குப் போனோம், என் மனைவியும் இந்த ஹவுஸ் சர்ஜன் பையனும் சேர்ந்து. டோக்கன் வாங்கினோம், பதினேழு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் டோக்கனில்லாமல் அய்ந்து பேர் உள்ளே போனார்கள், எழுதிக்கொண்டோம். எங்கள் முறை வந்ததும் டாக்டரிடம் சொன்னேன்: படுக்கையில் இருக்கிறவங்க, மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்க்கோணும், மற்ற வீட்டுக்கு வாங்குகிற அதே பீஸ், சந்து முனையில் காரை நிறுத்திக்கலாம், அறுபது அடி நடக்கோணும், லைட் போட்டிருக்கிறோம். என் முகத்தை அவர் அப்போதுதான் அடையாளம் கண்டார் என்று நினைக்கிறேன். காப்பி குடித்த வீடு. கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு டோக்கன் போடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு நோட்டை எடுத்து வரச் சொன்னார். விலாசத்தை நான் உரக்கச் சொன்னேன், வளவு என்ற சொல்லோடு. நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்று எழுதியிருக்கிறது.

வாசல் வரைக்கும் வந்தால் அவர் பெயரை அடுத்த இதழில் நானே எழுதுகிறேன், ஊர் விலாசத்தோடு.

அத்தையிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே கவலை. 'வந்தா எங்கடா ஒக்கார வெக்கறது?' நேற்று சாயங்காலம் பேங்க் விட்டு வரும்போது பவானியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். நானூற்றி அய்ம்பது ரூபாய். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.